எண்ணி வெட்டுதல்

மாங்குளம் சந்தியிலிருந்து கிழக்கே மூன்றாம் ஒழுங்கை,
பழைய உரக் களஞ்சியம்.
இன்னும் யூரியா மணக்கிற கூரைக்குக் கீழே
பதினொரு பேர், பதினொரு வட்டச்சட்டம்,
ஒரு பொதி கடுநீல லினன்.

துணி பேர்கனிலிருந்து வருகிறது.
அங்கே முக்கால்வாசி நாள் மழையாம்.
அந்த ஊர்க்காரி ரங்கில் சொன்னாள், போன் திரையில்,
காதில் பென்சிலோடு.
அவர்களின் விழா உடுப்பில்
ஏப்ரன் ஓரத்தில் வெள்ளையில் வெள்ளையாய்
அந்தக் காலத்திலிருந்து குந்தியிருக்கிற
எட்டிதழ் நட்சத்திரத்தைக் கழற்றி
மழை அங்கியின் முதுகில் வைக்கப் போகிறாள்.
வரிசையாக அல்ல. ஒற்றை நட்சத்திரம், முதுகளவு.

இந்தத் தையலில் பூவைவிட ஓட்டை முக்கியம்.
நாலு இழை எண்ணி, ஓரம் கட்டி,
நாலு இழை வெட்டி, இழுத்தெடுத்து,
மிஞ்சி நிற்கிறதைச் சுற்றிச் சுற்றி இறுக்க வேண்டும்.
வெட்டினால் வெட்டினதுதான்.

பவளராணி கேட்டாள்:
"மழைச் சட்டையில ஓட்டை போட்டால் ஒழுகாதோ?"
ஒஸ்லோவிலிருந்து மொழிபெயர்க்கிற பிள்ளை
சிரித்துச் சிரித்து அதைச் சொல்ல
ரங்கில் சிரிக்கவில்லை.
உள்ளே றப்பர்த் துணி வரும் என்று
பென்சிலை எடுத்துக் கீறிக் காட்டினாள்.
மஞ்சள் றப்பர். ஓட்டைக்குள்ளால் மஞ்சள் தெரியும்.
அதுதான் புதுசு என்றாள்.

எனக்கு எண்ணச் சொல்லித் தரத் தேவையில்லை.
ஆறு வருடம் முகமாலையில்
முழங்காலில் நின்று மண்ணை எண்ணியவள் நான்.
சிவப்புத் தலைத் தடி, ஒரு மீற்றர் அகலப் பாதை,
ஒரு சாண் முன்னே, துழாவு, சுரண்டு, மறுபடி.
முகக் கண்ணாடிக்குள் வியர்வை
மூக்கு நுனியில் நின்று யோசிக்கும்.
அங்கே எண்ணியது எதையும் அசைக்காமல் இருக்க.
இங்கே எண்ணுவது வெட்ட.
முதல் கிழமை கத்தரிக்கோல் பிடித்த கை
துணிக்கு மேல் அந்தரத்தில் நின்றது.
கலைவதனிதான் சொன்னாள்:
"வெடிக்காதடி, வெட்டு."

ஒரு செவ்வாய்க்கிழமை
லோன்காரப் பெடியனின் மோட்டார் சைக்கிள்
படலையில் வந்து நின்றது.
இரண்டு கிழமைக் காசு பாக்கி எனக்கு.
தலை நிமிர்ந்தது. கை நிமிரவில்லை.
ஐந்து இழை.

நட்சத்திரத்தின் வடக்கிதழ்.
துணியின் விலை என் பத்து நாள்.
அவன் போன பிறகும் அந்த ஓட்டையைப் பார்த்தபடி இருந்தேன்.
பிறகு ஐந்தாம் இழையின் இரண்டு நுனியையும்
நூலால் பிடித்து, குறுக்கே இழுத்து,
பக்கத்துக் கட்டத்தில் முடிந்தேன்.
இதழ் ஒரு பக்கம் சாய்ந்துபோயிற்று,
காற்று வருகிற பக்கம் பார்க்கிற மாதிரி.

மறைக்காமல் படம் எடுத்து அனுப்பினோம்.
இரண்டு நாள் பதில் இல்லை.
அந்த இரண்டு நாளும் கரண்டும் இல்லை, அது வேறு கதை.
பிறகு ரங்கில் எழுதினாள்:
நாலு மாதமாகத் தேடினது இதைத்தான்.
எல்லா இதழும் நேராக நின்றால்
அது எங்கள் மியூசியத்தில் ஏற்கனவே இருக்கிறது.
இந்தச் சாய்வு வேண்டும், தொண்ணூறு அங்கிக்கும்,
ஒரே இடத்தில், ஒரே அளவில்.

மேலதிகக் காசு உண்டோ என்று கேட்கச் சொன்னேன்.
உண்டு. துணிக்கு நானூறு ரூபாய்.
கதைத்துக் கதைத்து அறுநூறு.

இப்போது நிறோஜினி கட்டக் கொப்பியில்
என் பிழையைச் சிவப்புப் பேனையால் கீறிச்
சுவரில் ஒட்டியிருக்கிறாள்.
பத்துப் பேரும் அண்ணாந்து பார்த்து
ஐந்தாம் இழையில் கத்தரி வைக்கிறார்கள்.
பவளராணி விடுகிற பிழை என்னுடையதைவிட வடிவு.

எனக்குத்தான் சரிவரவில்லை.
நாலு எண்ணியதும் கை நின்றுவிடுகிறது.
"ஐஞ்சு" என்கிறாள் கலைவதனி பின்னாலிருந்து,
"ஐஞ்சு, ஐஞ்சு."
வெளியே யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்துகிறார்கள்.
நான் நிமிரவில்லை.